ஒரு முள், ஒரு மீன்

மாலத்தீவு என்றொரு நாடு உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்பதை அறிவதற்கு முன்பே, அந்நாட்டின் மீனை நம் அடுப்படிகள் அறிந்திருந்தன. 'மாசி' என்று நாம் வழங்கும் அந்தக் கறுத்த, கல்போல் இறுகிய துண்டை உரலில் இட்டு இடித்து, தேங்காய்ப்பூவும் மிளகாயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கலந்து சம்பலாக்கி உண்டு மகிழாத கடற்கரை முஸ்லிம் குடும்பம் அரிது. கொழும்பில் கடை வைத்திருந்த நம் பாட்டனார் ஊர் திரும்பும்போதெல்லாம் ஓலைப்பெட்டி நிறைய மாசி கொணர்வது வழக்கம். அந்நாட்டுத் திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். அச்சொல்லே நம் நாவில் மாசி ஆயிற்று என்பர்.

அந்த மாசி பிறக்கும் மண்ணைக் காண வேண்டும் என்பது நம் தாயாரின் நெடுநாள் ஆவல். சென்ற பிப்ரவரித் திங்களில் அந்த ஆவல் நிறைவேறிற்று. தாயாரும் துணைவியாரும் மகனும் மகளுமாக நாம் ஐவர் கொழும்பு வழியாக மாலே நகரில் இறங்கினோம். பயணக் கதையை முழுவதும் விரித்துரைப்பது இங்கே நம் நோக்கமன்று. அங்குத் தங்கிய ஒரு வாரத்தில் வாடகைப் படகெடுத்து மும்முறை கடலுக்குச் சென்றோம். அம்மூன்று செலவுகளும் நம் உள்ளத்தில் எழுப்பிய ஒரு வினாவை வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம். விடுமுறை இன்பத்திற்காகச் செல்லும் ஒருவர் கடலிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவ்வினா.

தீவுகளின் நாடு

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் ஊர் அமைத்து வாழ்பவை இருநூறுக்கும் குறைவே. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் மாலை கோத்தாற்போல் நீண்டு கிடக்கும் இத்தீவுகள், கடல்மட்டத்திற்கு மேல் ஓர் ஆள் உயரம் எழுந்து நின்றாலே பெரிது. உழுது விளைவிக்க வயல் இல்லை. தோண்டி எடுக்கத் தாதுக்கள் இல்லை. தென்னையும் மீனுமே இறைவன் அம்மக்களுக்கு அளித்த செல்வம்.

1343-ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, சுல்தானா கதீஜாவின் ஆட்சியில் காஜியாகப் பணியாற்றினார். அவர் தம் பயண நூலில் இம்மக்களின் மீனைப் பற்றியும் எழுதிச் சென்றுள்ளார். மீனை நான்கு துண்டுகளாக அறுத்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவர் என்றும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் அவர் குறித்துள்ளார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே மாசி கடல் கடந்துவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

1972-ஆம் ஆண்டில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டதிலிருந்து நாட்டின் போக்கு மாறிற்று. நெடுங்காலம் வெளிநாட்டு விருந்தினர் விடுதித் தீவுகளிலேயே தங்க வைக்கப்பட்டனர். அண்மைக் காலத்தில்தான் மக்கள் வாழும் ஊர்த் தீவுகளிலும் சிறு தங்குமனைகள் பெருகியுள்ளன. மது இல்லை, மகளிர் உடை பற்றிய மனக்கூச்சம் இல்லை, ஐவேளையும் பாங்கொலி கேட்கிறது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அத்தகைய ஊர்த் தீவே பொருத்தமாயிருந்தது.

முதல் செலவு: கைத்தூண்டில்

விருந்தினருக்கான மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் இரு வகையின. மாலை வெயில் சாயும் வேளையில் புறப்பட்டு, பவளப் பாரின் மேல் நங்கூரமிட்டுக் கைத்தூண்டிலால் மீன்பிடித்து, மூன்று மணி நேரத்தில் திரும்புவது ஒரு வகை. விரைவுப் படகில் ஆழ்கடலுக்குச் சென்று, கழியும் சுருளியும் கொண்டு பெருமீன்களைப் பிடிப்பது மற்றொரு வகை. இதனை அரை நாள், முழு நாள் என்று பேசி அமர்த்துகின்றனர்.

முதல்நாள் மாலை நாம் ஏறியது பழைய பாங்கில் கட்டப்பட்ட தோணி. அவர்களும் அதனைத் 'தோணி' என்றே சொல்லக் கேட்டு நம் தாயார் அகமகிழ்ந்தார். படகை நடத்துபவரை நம் கரையோர ஊர்களில் தண்டல் என்போம். அங்கே 'கேயொளு' என்கின்றனர். நம் தண்டலுக்கு ஐம்பது வயதிருக்கும். தம் அன்னையாரின் மருத்துவத்திற்காகத் திருவனந்தபுரத்தில் பல மாதங்கள் தங்கியவராதலின் மலையாளமும் சிறிது தமிழும் பேசினார். அவர் நம் தாயாரை 'மாமா, மாமா' என்று விளிக்கவும் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மொழியில் பாட்டியை அவ்வாறு அழைப்பர் என்று பிறகே அறிந்தோம். வாரம் முடியும்வரை மகளும் தன் வாப்புமாவை 'மாமா' என்றே அழைத்துத் திரிந்தாள்.

கதிரவன் மறைந்ததும் தோணியின் தளத்திலேயே பாய் விரித்து, தண்டல் முன்னின்று நடத்த, மஃரிப் தொழுதோம். பின்னர் ஆளுக்கொரு சுருள் தங்கூசி கொடுக்கப்பட்டது. நுனியில் ஈயக்குண்டும் முள்ளும். முள்ளில் சூரை மீனின் துண்டு இரை. குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் மேலே இழுத்து, நூலைச் சுட்டுவிரலின் மேல் கிடத்திக் காத்திருக்க வேண்டும். மீன் இரையைக் கொத்துவதை முதலில் அறிவது கண்ணன்று, அவ்விரலே.

முதல் மீன் மகளுக்கு வாய்த்தது. சிவந்த செப்பிலி ஒன்று. தாயார் அலட்டிக்கொள்ளாமல் இரண்டு விளமீன்களை ஏற்றினார். மகனின் முள்ளில் பருத்த கலவா ஒன்று மாட்டிற்று. பதினொரு மீன்கள் சேர்ந்ததும் தண்டல் எழுந்து, நூல்களைச் சுருட்டிவிடுமாறு பணிவாகக் கூறினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே! மூன்று மணி நேரத்துக்கல்லவா பணம் கொடுத்திருக்கிறோம்?" என்றான் மகன். அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

தண்டல் சினம் கொள்ளவில்லை. "தம்பி, நீங்கள் தந்த பணம் படகுக்கும் எண்ணெய்க்கும் எங்கள் நேரத்துக்கும். மீனுக்கு நீங்கள் விலை தரவில்லை. நீங்கள் ஐவர், நாங்கள் மூவர், தங்குமனையில் சமைப்பவர் வீட்டார் நால்வர். எல்லாருக்கும் இந்தப் பதினொன்று போதும்" என்றார்.

"அப்படியானால் பிடித்துப் பிடித்து விட்டுவிடலாமே!" என்றான் மகன்.

அதற்கு அவர் தந்த விளக்கம் நமக்குப் புதியது. ஆழத்திலிருந்து விரைந்து மேலே இழுக்கப்படும் மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை, நீரின் அழுத்தம் குறையக் குறைய ஊதிப் பெருக்கிறது. சில மீன்களின் இரைப்பையே வாய்வழியாகப் பிதுங்கிவிடும். அத்தகைய மீனைத் திரும்பக் கடலில் இட்டால், அது கீழே இறங்க இயலாமல் மேலே மிதந்து சுறாவுக்கு இரையாகும். 'விட்டுவிட்டோம்' என்று நாம் மனநிறைவு கொள்ளலாம், மீன் பிழைப்பதில்லை. மேலும், கலவா இனத்து மீன்களிற் பல, இளமையில் பெண்ணாக இருந்து பின்னர் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் அந்தப் பாரில் ஆண் மீன்கள் அருகி இனப்பெருக்கம் குன்றும். இதனை விஞ்ஞானிகள் நூல்களில் விளக்குகின்றனர். நம் தண்டல், "பெரிய கலவாவை எல்லாம் எடுத்துவிட்டால் பார் வெறுமையாகிவிடும்" என்று ஒரே வாக்கியத்தில் கூறினார்.

மீதி ஒரு மணி நேரத்தை அவர் வீணாக்கவில்லை. விளக்குகளை அணைத்து, விண்மீன்களைக் காட்டினார். மாலத்தீவு மீனவர்கள் ஆண்டை இருபத்தேழு நட்சத்திரக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் காற்று எப்படி, கடல் எப்படி, மீன் எங்கே என்று கணித்து வந்தனர். பதின்மூன்று பதினான்கு நாள்கள் கொண்ட அக்கூற்றை 'நகை' என்கின்றனர். நம் நாட்டு இருபத்தேழு நட்சத்திரங்களின் உறவை அதில் காணலாம். தங்குமனைக்குத் திரும்பியபோது மகனின் முகவாட்டம் நீங்கியிருந்தது. அவன் பிடித்த கலவாவை அன்றிரவு பன்னிருவர் பகிர்ந்துண்டோம்.

இரண்டாம் செலவு: மயில்மீன்

மகனின் கனவு வேறு. மயில் தோகையை விரித்தாற்போன்ற முதுகுத் துடுப்பும் ஈட்டி போன்ற மூக்கும் உடைய மயில்மீனைப் பிடித்து, இரு கைகளிலும் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. பள்ளித் தோழரிடம் அதைச் சொல்லியும் வந்துவிட்டான். ஆகவே மூன்றாம் நாள் வைகறையில் விரைவுப் படகொன்றை அரை நாளுக்கு அமர்த்தினோம். அதே தண்டலே உடன் வந்தார்.

தீவுத் தொகுதியின் விளிம்பைக் கடந்ததும் கடலின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறுகிறது. அங்கே தரை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. படகின் பின்னே வண்ணக் குஞ்சம் கட்டிய போலி இரைகள் அலைமேல் துள்ளி வர, இரண்டு மணி நேரம் ஓடினோம். திடீரெனச் சுருளி அலறிற்று. தொலைவில் நீரைப் பிளந்துகொண்டு நீலவெள்ளி வடிவம் ஒன்று வானில் எழுந்து வீழ்ந்தது. சுபுஹானல்லாஹ்! இறைவன் படைப்பில் இத்தகைய எழிலும் உண்டோ என வியந்தோம்.

மகன் இருக்கையில் அமர்ந்து நாற்பது நிமிடம் போராடினான். வியர்வை ஆறாய் ஓடிற்று. மீன் ஓடும், இவன் சுருட்டுவான், அது மீண்டும் ஓடும். இறுதியில் அது படகின் ஓரத்துக்கு வந்தபோது அதன் நீல ஒளி மங்கி, உடல் பழுப்பேறியிருந்தது. தண்டல் கையுறை அணிந்து அதன் மூக்கைப் பற்றினார். மகன் தூக்குவதற்குக் கை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி. களைத்துப்போன மீனைத் தண்ணீரை விட்டு எடுத்தால் மூச்சு முட்டும். குனிந்து பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீரில் இருக்கும்போதே படம் எடுக்கிறேன்."

மகன் கெஞ்சினான், பிறகு நம் முகத்தைப் பார்த்தான். தண்டலின் சொல்லே முடிவு என்றோம். படம் எடுத்தாயிற்று. முள்ளைக் கழற்றிய பின், படகை மெல்ல முன்னே செலுத்தி, மீனின் செவுள்களில் நீர் புகுந்தோடும்படி சில நிமிடம் பிடித்திருந்தார். மெல்ல மெல்ல அதன் உடலில் நீலம் திரும்பிற்று. வாலை ஒருமுறை வீசிற்று. கருநீல ஆழத்தில் மறைந்தது.

திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை. நம் தாயார்தாம் கேட்டார்: "தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை. அந்த வாயில்லாப் பிராணியை அவ்வளவு நேரம் ஏன் வருத்த வேண்டும்?"

வினாவின் இரு பக்கங்கள்

தாயாரின் கேள்வியை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறவேண்டும். பெருமீன் விளையாட்டு என்பது நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள சாந்தா கத்தலீனா தீவில், 1898-ஆம் ஆண்டில், சார்லஸ் பிரெடெரிக் ஹோல்டர் என்பார் 183 இராத்தல் எடையுள்ள சூரையைக் கழியும் சுருளியும் கொண்டே பிடித்தார். அதே ஆண்டில் அத்தீவின் அவலான் ஊரில் அவர் முயற்சியால் ஒரு சூரைக் கழகம் தோன்றிற்று. தடித்த கயிறு கொண்டு மீன்களை வரைமுறையின்றி இழுத்துக் குவித்த காலத்தில், மெல்லிய நூலால் பிடிப்பதே மீனுக்கு நியாயம் என்பது அக்கழகத்தாரின் கொள்கை. 1939-இல் உலகளாவிய விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் நிறுவப்பட்டது. நாளடைவில், கொல்லாமல் விடுவிக்கும் பழக்கமும், விடுமுன் அடையாளச் சீட்டுப் பொருத்தி மீனின் பயணத்தை ஆராயும் முறையும் வளர்ந்தன. ஆக, விளையாட்டும் தனக்கென ஓர் அளவை வகுத்துக்கொள்ள முயன்றிருக்கிறது.

எனினும் அந்த அளவு பசியிலிருந்து பிறந்ததன்று. கடலின் உணவு நமக்கு ஆகுமாக்கப்பட்டது, அதில் ஐயமில்லை. உயிருள்ளதை இலக்காக நிறுத்தி எய்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததையும் நாம் அறிவோம். பிடித்துவிடும் விளையாட்டு இவ்விரண்டில் எதனோடு சேரும் என்று மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி, நம் பணியன்று. நம் உள்ளம் கண்டதை மட்டும் கூறுகிறோம். முதல்நாள் இரவில் நாம் கொன்ற பதினொரு மீன்கள் நம் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. உயிரோடு விட்ட ஒற்றை மயில்மீன் அன்றிரவு நெடுநேரம் நினைவில் நீந்திற்று.

மூன்றாம் செலவு: சூரைப் படகு

இன்னொரு முறை படகெடுக்கப் பணம் ஒதுக்கியிருந்தோம். எந்தப் படகு என்பதை மகனிடமே விட்டுவிட்டோம். மீண்டும் ஆழ்கடலைத்தான் கேட்பான் என்று எதிர்பார்த்திருக்க, அவன் தண்டலிடம் சென்று, "நீங்கள் முன்பு வேலை செய்த சூரைப் படகைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டான். தண்டலின் முகம் மலர்ந்ததைக் காணவேண்டுமே! மறுநாளே தம் தமையனாரின் படகு மீன்பிடிக்கும் இடத்திற்கு நம்மைத் தோணியில் அழைத்துச் சென்றார்.

அங்கு நாம் கண்ட காட்சியைச் சொல்லில் வடிப்பது அரிது. சூரைப் படகின் வயிற்றில் கடல்நீர் ஓடும் தொட்டி ஒன்று உண்டு. விடியுமுன் பார்களின் அருகே பிடித்த பொடிமீன்களை உயிரோடு அதில் வைத்திருப்பர். பறவைகள் வட்டமிடும் இடத்தில் சூரைக் கூட்டம் இருப்பதை உணர்ந்ததும், ஒருவர் பொடிமீன்களை அள்ளி வீசுகிறார். படகின் பின்புறத்திலிருந்து மழைபோல் நீர் தெளிக்கப்படுகிறது. இரைமீன் கூட்டம் துள்ளுகிறது என்று எண்ணிச் சூரைகள் வெறிகொண்டு மேலெழுகின்றன. அகன்ற பின்தளத்தில் வரிசையாக நிற்போர் கழிகளை வீசுகின்றனர். ஒவ்வொரு கழியிலும் ஒரே முள். அதில் எதிர்க்கொக்கி கிடையாது. மீன் கவ்வியதும் ஒரே வீச்சு! அது தலைக்கு மேலாகப் பறந்து வந்து, முள்ளிலிருந்து தானே நழுவித் தளத்தில் விழுகிறது. முள் மறுகணமே கடலில். இருபது நிமிடத்தில் தளம் வெள்ளியாய் மின்னிற்று. பிறகு மீன் கூட்டம் தாழ்ந்தது, கழிகள் சாய்ந்தன.

"ஒரு மனிதன், ஒரு முள், ஒரு மீன். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான்" என்றார் தண்டல். மாலத்தீவில் சூரையை வலைபோட்டுப் பிடிப்பதில்லை. 1974 முதல் பாய்மரத் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது; நீர் தெளிப்பதையும் கையிலிருந்து இயந்திரக் குழாய் ஏற்றுக்கொண்டது; ஆனால் ஒற்றை முள் மாறவில்லை. மற்றக் கடல்களில் பெருவலைகள் ஒரு கூட்டத்தையே வளைத்து, இளங்குஞ்சுகளையும் வேண்டாத உயிர்களையும் சேர்த்து வாரும்போது, இங்கு முள் தனக்குரிய ஒன்றைத்தான் எடுக்கிறது. இம்முறையில் பிடிக்கும் வரிச்சூரைக்கு 2012-ஆம் ஆண்டில் உலக அளவிலான நற்சான்று கிடைத்தது. 2010-இல் அந்நாடு சுறாப் பிடிப்பை முற்றிலும் தடைசெய்தது. உயிருள்ள சுறாவைக் காணவே விருந்தினர் பணம் கொடுத்து மூழ்குகின்றனர் அன்றோ! குறையே இல்லை என்று கூற முடியாது. இரைக்கான பொடிமீன்களைப் பவளப் பார்கள்தாம் தரவேண்டும். அப்பார்களோ 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்துப் பெருஞ்சேதம் கண்டவை.

மாலையில் கரையில், சூரைகளை நீளவாட்டில் நான்காக அறுத்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைப்பதை நம் தாயார் அருகமர்ந்து பார்த்தார். நான்கு துண்டு! இப்னு பதூதா கண்ட அதே நான்கு. தாயார் ஒரு துண்டைக் கையிலெடுத்து முகர்ந்து, "எங்க வாப்பா கடை வாசம்" என்று மட்டும் சொன்னார்.

அப்பொழுது தண்டல் தம் மனத்தைத் திறந்தார். அவருடைய தந்தையாரும் தமையனாரும் சூரைப் படகில் நின்றவர்கள். அவரும் இருபது ஆண்டுகள் நின்றார். இடுப்பு வலி கண்டபின் விருந்தினர் படகுக்கு மாறினார். வருமானம் இதில் கூடுதல், உழைப்புக் குறைவு. மகனோ விடுதியொன்றில் பணிபுரிகிறான். கழி பிடிக்கவே தெரியாது. "சூரைப் படகிலிருந்து இறங்கினால் வீட்டில், இன்று எத்தனை மீன் என்று கேட்பார்கள். இப்போது, இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் முழு மகிழ்ச்சி இல்லை. விருந்தினராகிய நாமும் அம்மாற்றத்தின் ஒரு பகுதியே என்பதை எண்ணிப் பார்த்தோம். நாம் செல்வதால் அக்குடும்பம் வாழ்கிறது; நாம் செல்வதால் அக்கலையைக் கற்க ஆளில்லாமலும் போகிறது. இரண்டும் உண்மை.

செல்வோருக்குச் சில சொற்கள்

இத்தகைய பயணம் செல்லவிருக்கும் குடும்பத்தார்க்குச் சில கூறுவோம். வாடைக்காற்றுக் காலமாகிய ஜனவரி முதல் மார்ச் வரை அங்குக் கடல் அமைதியாயிருக்கும்; முதியோரையும் சிறாரையும் அக்காலத்தில் அழைத்துச் செல்வது நலம். அனைவருக்கும் மிதவை அங்கி உண்டா என்று கேட்டறிந்த பிறகே படகேறுக. படகை அமர்த்தும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். பிடிக்கும் மீனை யார் உண்பார்கள், எத்தனையோடு நிறுத்துவார்கள், விடவேண்டிய மீனை எப்படி விடுவார்கள் என்றும் கேளுங்கள். முகஞ்சுளிக்காமல் விடை தரும் தண்டலையே தேர்ந்துகொள்ளுங்கள். வாய்ப்பிருப்பின் ஒரு செலவையேனும் அந்நாட்டவரின் மெய்யான மீன்பிடியைக் காண்பதற்கு ஒதுக்குங்கள்.

கடல் எல்லையற்றது என்று நம் முன்னோர் நினைத்தனர். அவர்களுடைய கருவிகள் சிறியவையாதலின் அந்நினைப்பால் கேடு விளையவில்லை. இன்று கருவிகள் பெருத்துவிட்டன. ஆகவே அளவைக் கருவியிடம் விடாமல் மனத்திடம் ஒப்படைக்க வேண்டிய காலம் வந்துள்ளது. பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். இரை மிச்சமிருக்க, நேரம் மிச்சமிருக்க, கொடுத்த பணமும் மிச்சமிருக்க, 'போதும்' என்று நூலைச் சுருட்டக் கற்றுக்கொடுப்பதற்கோ நல்லதொரு தண்டல் வேண்டும். வீடுதோறும் அத்தகைய தண்டல்கள் பெற்றோர் வடிவில் அமைய இறைவன் அருள்புரிவானாக!